கிறகோரியின் செட்டை

ஜெபரட்ணம் தன் பெட்டியிலிருந்து இரண்டு கறுப்புப் பைகளை எடுத்து விறாந்தைத் தரையில் விரித்தான். இரண்டும் தடித்த நைலோன் துணியில் தைத்தவை. ஒவ்வொன்றின் மேல்முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய் ஒன்று தொங்கியது. ஒன்று நல்ல அகலம். மற்றது அதில் பாதிதான் இருக்கும்.

"சிலிண்டருக்கும் முதுகுக்கும் நடுவிலை கட்டுறது. சிலிண்டரிலை இருந்து இதுக்குள்ளை காத்து விட்டால் மிதக்கலாம். திறந்துவிட்டால் தாழலாம். சிங்கப்பூரிலை இதை விங் எண்டு சொல்லுறாங்கள்."

"செட்டை," என்று அந்தச் சொல்லைத் தமிழாக்கினான் கிறகோரி. கதிரை நுனியில் இருந்தபடி குனிந்து, வலது கையால் பெரியதைத் தொட்டுப் பார்த்தான். அவனுடைய இடது சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே மடித்து ஊசி குத்தியிருந்தது.

"ஒண்டை நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. மற்றதைத் திருப்பித் தாறன் எண்டு கடைக்காரனிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான். பத்து நாளிலை கப்பலுக்குப் போகவேணும். அதுக்குள்ளை எது சரியெண்டு பாப்பம்."

அது 1983ஆம் ஆண்டு பங்குனி மாதம். கிறகோரி பன்னிரண்டு வருடங்களாகக் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் சுழியோடியாக இருந்தவன். பதினான்கு மாதங்களுக்கு முன், கப்பலைக் கட்டும் கம்பி வடம் திடீரென இறுகி அவனுடைய இடது கையைக் கொண்டுபோனது. அதன்பிறகு அவன் கடலில் இறங்கவில்லை. மனைவி மார்கிரட் தையல் மெசினில் ஊர்ப்பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்துக் குடும்பத்தைப் பார்த்தாள். அவன் முற்றத்தில் இருந்து அந்த மெசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அச்சுவேலியில் இருந்த ஜெபரட்ணத்தின் வீட்டுக்கும் கிறகோரிக்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. ஜெபரட்ணத்தின் தகப்பன் இராசசிங்கம் ஓய்வுபெற்ற தபால் அதிபர். தூண்டில் போடப் போன இடத்தில் வள்ளம் கவிழ்ந்து காணாமற்போனார். மறுநாள் காலை கிறகோரி நான்கு தரம் இறங்கித் தேடி அவருடைய உடலைக் கொண்டுவந்தான். ஜெபரட்ணம் அப்போது கப்பலில் இருந்தான். செத்தவீட்டுக்கு வந்துசேர முடியவில்லை. கிறகோரிக்குக் கை போன செய்தியைப் பிறகு அக்கா மியூரியல்தான் அவனுக்கு எழுதினாள். அவள் மிசன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கும் ரீச்சர்.

கிறகோரி கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். "தம்பி, உங்கடை அப்பாவை நான் கூலிக்குத் தேடேல்லை. இதை வாங்கினால் அது கூலியாப் போயிடும்."

மியூரியல் தேத்தண்ணிக் கோப்பையை அவன் பக்கத்தில் வைத்தாள். "அண்ணை, அப்பாவுக்கு ஒரு கல்லறை இருக்கு. அம்மாவுக்குப் போய் நிக்க ஒரு இடம் இருக்கு. அதுக்கு நாங்கள் எதைக் குடுத்தும் சரிக்கட்டேலாது. உது வேறை விசயம். நீங்கள் திரும்பக் கடலுக்குள்ளை இறங்கவேணும் எண்டு எங்களுக்கு ஆசை. அவ்வளவுதான்."

கிறகோரி திரும்பவும் குனிந்து பெரிய பையைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு, "பெரிசுதான் எனக்குச் சரி," என்றான். "ஒரு கையன். தூக்கிற சக்தி கூட இருந்தால் பயமில்லை."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்," என்றான் ஜெபரட்ணம்.

மியூரியல் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க நினைத்தாள். அடுத்தநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் ஆய்வுகூடத்தில் இருந்து ஒரு வில் தராசை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறைக்கு பஸ் ஏறினாள். கிறகோரியோடு பல காலம் சுழியோடிய யாகோப்புதான் சிலிண்டர்களையும் காற்று நிரப்பும் மெசினையும் வைத்திருந்தான். அவனுடைய வள்ளத்தின் விளிம்பிலிருந்து, சாமான்கள் எல்லாம் பூட்டிய சிலிண்டரைத் தராசில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். மியூரியல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். காற்று நிரம்பிய சிலிண்டர், முடிந்த சிலிண்டர், ஈயப்பட்டி, மெல்லிய ரப்பர் உடுப்பு என ஒவ்வொன்றாக.

"எல்லாம் போட்டுக்கொண்டு இறங்கினாலும் தண்ணிக்குள்ளை உங்கடை பாரம் ஐஞ்சு கிலோவுக்கு மேலை வராது அண்ணை. சின்னன் பன்னிரண்டு கிலோ தூக்கும். பெரிசு ரெண்டு சிலிண்டர் கட்டுற ஆக்களுக்குச் செய்தது. அவ்வளவு உங்களுக்குத் தேவையில்லை."

"நங்கூரம் தூக்கினால்?"

"நங்கூரத்தை வள்ளத்திலை இருக்கிறவை கயிறு போட்டு இழுக்கட்டும். உங்கடை முதுகாலை ஏன் தூக்கவேணும்?"

யாகோப்பு சிரித்தான். கிறகோரி சிரிக்கவில்லை. "தேவையில்லை எண்டுறியள். கூட இருந்தால் பிழையோ ரீச்சர்?"

மியூரியல் கொப்பியைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியாது," என்று ஒப்புக்கொண்டாள்.

அதனால் முதலில் பெரியதைத்தான் கட்டினான். மூன்றாம் நாள் காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. யாகோப்பு, கிறகோரி, ஜெபரட்ணம் மூவரும் போனார்கள். கரை மறையும் தூரம் போவதற்கு முன்பு ஜெபரட்ணம் கேட்டான்.

"அண்ணை, அப்பா அங்கை எப்பிடி இருந்தவர் எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லை."

கிறகோரி இயந்திரத்தை நிற்பாட்டும்படி யாகோப்புவுக்குக் கண் காட்டினான். சத்தம் அடங்கிய பிறகு சொன்னான்.

"வெள்ளை மணல், தம்பி. பக்கத்திலை ஒரு கல்லுப்பார். அதிலை சாய்ஞ்சபடி இருந்தவர். சேட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தது. முகத்திலை ஒரு காயமும் இல்லை. கயிறு கட்டி இழுக்க எனக்கு மனம் வரேல்லை. கையைப் பிடிச்சுத்தான் மேலை கூட்டிக்கொண்டு வந்தனான்."

"எந்தக் கையாலை?"

கிறகோரி மடித்த சட்டைக் கையை மெதுவாக உயர்த்திக் காட்டினான். ஜெபரட்ணம் அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். யாகோப்பு மற்றப்பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தான்.

ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில் வள்ளத்தை நிறுத்தி, மற்ற இருவரும் பிடித்து உடுத்திவிட, கிறகோரி இறங்கினான். யாகோப்பு கூடவே போனான். அடியில் செட்டைக்குள் கொஞ்சம் காற்று விட்டதும் பாரம் குறைந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தானாகவே உயரத் தொடங்கினான். வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளில் இருந்த குழாயைத் தூக்கித் திறந்தான். நாலைந்து குமிழிதான் வந்தது. உயர உயர உள்ளே இருந்த காற்று விரிந்தது. விரிய விரிய இன்னும் வேகமாக உயர்ந்தான். பாதி வழியில் யாகோப்பு அவன் காலைக் கட்டிப்பிடித்துத் தன் பாரத்தையும் கொடுத்தான். பழைய பழக்கம் ஒன்று கிறகோரிக்குக் கைகொடுத்தது. வேகமாக ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும் என்று தெரிந்து, வாயைத் திறந்து மூச்சை விட்டுக்கொண்டே வந்தான்.

வள்ளத்தில் ஏற்றியபோது மூக்கால் இரத்தம் வடிந்தது. காது அடைத்திருந்தது.

"நான் கீழை இருந்து பாத்தனான்," என்றான் யாகோப்பு, மூச்சு வாங்கியபடி. "வெத்திலை மடிச்ச மாதிரி அது ரெண்டு பக்கத்தாலையும் மடிஞ்சு சிலிண்டரை மூடிப்போட்டுது மச்சான். காத்து அந்த மடிப்புக்குள்ளை நிண்டிட்டுது. குழாய்ப் பக்கம் வரேல்லை. எப்பிடிப் போகும்?"

அன்று பின்னேரம் கிறகோரி வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மார்கிரட் பஞ்சால் அவன் காதைத் துடைத்தாள்.

"போதும் மார்கிரட். உதுகளைக் கொண்டுபோகச் சொல்லு."

"இஞ்சாருங்கோ, பிழை விட்டது பெரிய செட்டைதான். சின்னனை நீங்கள் இன்னும் கட்டியே பாக்கேல்லை."

"அதைக் கட்டவும் ரெண்டு பேர் வேணும். சின்னப்பிள்ளைக்கு உடுப்புப் போடுற மாதிரி என்னைப் பிடிச்சு நிக்கிறாங்கள்."

மார்கிரட் பஞ்சைக் கீழே வைத்தாள். பயத்தைவிட அந்தக் கூச்சம்தான் அவனைக் கட்டிலில் போட்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. சின்னச் செட்டையை எடுத்துவந்து மெசினுக்குப் பக்கத்தில் விரித்தாள். பட்டிகள் எங்கே போகின்றன, எங்கே பூட்டுகின்றன என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடுப்புப் பட்டியின் இடது நுனியில் தோலால் ஒரு வளையம் தைத்தாள். மொட்டைக் கையை அதற்குள் விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலது கையால் பூட்டைக் கொழுவலாம். சின்னதில், பெரியதில் இல்லாத இன்னொன்றும் இருந்தது. காற்றைத் திறந்துவிட வலது பக்கக் கீழ் விளிம்பில் இழுக்கும் கயிறு ஒன்று. அது மெல்லிய கயிறு, விரலில் நழுவும். அதன் நுனியில் ஒரு பெரிய மரப் பொத்தானைக் கட்டினாள்.

"எழும்பிப் போட்டுப் பாருங்கோ," என்றாள். "நான் குசினிக்குப் போறன்."

அவள் அடுப்படியிலிருந்து திரும்பி வந்தபோது கிறகோரி, யாகோப்பு விட்டுப்போயிருந்த வெறும் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றான். தானே பூட்டியிருந்தான். கண் கலங்கியிருந்தது. மார்கிரட் பட்டியை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்கவேணும்," என்றாள்.

காது சரியாகி, ஏழாம் நாள் சின்னதைக் கட்டி இறங்கினான். முதலில் இரண்டு பாகம், பிறகு நான்கு. மியூரியலும் அன்று வள்ளத்துக்கு வந்திருந்தாள். நீந்தத் தெரியாதவள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழிகளை எண்ணினாள். கிறகோரி தலையை வெளியே எடுத்து, "ரீச்சர், தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பொத்தானை இழுக்க இழுக்கக் காத்துப் போகுது. சொன்ன சொல்லுக் கேக்குது," என்றபோதுதான் அவள் கையைத் தளர்த்தினாள்.

உண்மையான வேலை ஒன்பதாம் நாள் வந்தது. மயிலிட்டி மீனவர் இன்னாசித்தம்பியின் நங்கூரம் கல்லுப்பாரின் பிளவுக்குள் சிக்கியிருந்தது, சங்கிலியும் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பென்றால் கிறகோரி ஒரு கையால் பாரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வேலை செய்வான். இப்போது இருப்பது ஒரு கைதான். அடிக்கு இறங்கி, செட்டைக்குள் கொஞ்சம் காற்று விட்டான். கொஞ்சம் கூடிப்போயிற்று. பொத்தானை ஒருதரம் இழுத்தான். பிறகு அசையாமல் பார்த்தான்.

தாழவில்லை. உயரவுமில்லை. பாருக்கு ஒரு முழம் மேலே, எதையும் பிடிக்காமல், தண்ணீரில் கிடந்தான். கால்களை அடிக்கவும் தேவையிருக்கவில்லை. இரண்டு கை இருந்த பன்னிரண்டு வருடத்திலும் கடல் அவனை இப்படி ஏந்தி வைத்திருந்ததில்லை. பாரின் ஓரத்தில் ஒரு கிளிமீன் கூட்டம் அவனைக் கணக்கெடுக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. கிறகோரி கொஞ்ச நேரம் வேலையை மறந்தான். பிறகு, இருந்த ஒரு கையும் வேலைக்கே கிடைக்க, சங்கிலியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி, கயிற்றைக் கொழுவி மூன்று தரம் இழுத்தான். மேலே இருந்தவர்கள் நங்கூரத்தைத் தூக்கினார்கள். அவன் குமிழிகளை முந்தாமல் மெதுவாக அவற்றின் பின்னால் ஏறி வந்தான்.

இன்னாசித்தம்பி கையைக் கொடுத்து ஏற்றினார். "வந்திட்டாய் என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. வந்திட்டன்."

பத்தாம் நாள் ஜெபரட்ணம் பெரிய செட்டையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போனான். ஸ்ரேசனுக்குக் கிறகோரி போயிருந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "தம்பி, நல்லாயிருக்கிறன்," என்று மட்டும் சொன்னான். ஜெபரட்ணத்துக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் எழும்பிப் போன பிறகும் கிறகோரி முழங்காலில் நின்றான். மார்கிரட்டும் பக்கத்தில் நின்றாள். அவன் உதடுகளுக்குள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது பாதியிலிருந்துதான் அவளுக்குக் கேட்டது. ஜெபரட்ணம், மியூரியல் ரீச்சர், யாகோப்பு. பிறகு ஒரு பெயரும் இல்லாமல், "உந்தச் செட்டையைத் தைச்ச ஆள், ஆராயிருந்தாலும்," என்றான்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது மார்கிரட் சொன்னாள். "அந்த ஆள் தைச்சதிலை ஒரு இடம் தையல் விட்டிருந்தது. நான்தான் திரும்ப அடிச்சனான்."

"உன்ரை பேரை முதலே சொல்லிப்போட்டன்," என்றான் கிறகோரி.