எழுபத்தைந்து வரைக்கும்

லிஃப்ட் மெக்கானிக் என்றால் நாள் முழுக்க லிஃப்டில் போய்வருகிறவர் என்று ஊரில் நினைப்பு. கெட்டுப்போன லிஃப்டைப் பார்க்கப் போகிற மனுஷன் எதில் ஏறிப் போவார்? படியில்தான். அடுத்தவர்கள் சொகுசாக மேலே போவதற்காக முப்பத்தொரு வருஷம் படியேறியதில் நம் மெக்கானிக்கின் முழங்கால் இரண்டும் காலாவதியாகிவிட்டன. அடுத்த மாதம் அறுபது நிறைகிறது. ஆளை விட்டால் போதும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஒரு படிவத்தை நீட்டியது. இத்தனை வருஷம் சம்பளத்தில் பிடித்த ஓய்வுக்காலப் பணத்தை ஒரு நிதி நிறுவனம் வைத்திருக்கிறது. அதில் பங்குச் சந்தையில் எவ்வளவு, கடன் பத்திரத்தில் எவ்வளவு, மாதாமாதம் கைக்கு எவ்வளவு என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்துப் போட்டால் ஐந்து வருஷத்துக்கு மாற்ற முடியாது. சரியாக எழுதினால் காலை நீட்டி உட்காரலாம். தப்பாக எழுதினால் எழுபது வயதில் திரும்பவும் படியேற வேண்டியதுதான்.

மூன்று வாரமாகக் கண்டவரையெல்லாம் கேட்டார். நகல் கடை வைத்திருக்கும் மச்சினன், முழுசையும் பங்கில் போடுங்கள் மாமா, பணத்தைத் தூங்கவிடக் கூடாது என்றான். வேலையிடத்து ஸ்டோர் கீப்பர் ஒரு காலத்தில் பங்கில் கையைச் சுட்டுக்கொண்டவர். அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதே என்றார். செல்போனில் டை கட்டிய ஒருத்தன் நூறிலிருந்து வயதைக் கழி, மிச்சத்தைப் பங்கில் போடு என்றான். அடுத்த வீடியோவில் டை கட்டாத ஒருத்தன் அதெல்லாம் பழைய கணக்கு, நூற்றிருபதிலிருந்து கழி என்றான். மெக்கானிக் இரண்டையும் கழித்துப் பார்த்தார். ஒன்றில் நாற்பது வந்தது, இன்னொன்றில் அறுபது. நடுவில் இருக்கிற இருபது யார் வீட்டுக் காசு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

என்னதான் யோசிக்கிறீர்கள் என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டார். இவருக்கு என்னவோ புரிந்து கிழிந்த மாதிரி!

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு நிதி நிறுவனத்துக்கே போனார். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, மேசைக்குப் பின்னால் ஆலோசகர். மகள் வயது இருக்கும். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். பதினொரு கேள்வி. சந்தை விழுந்தால் பணத்தை வெளியே எடுக்கணுமா? எடுத்தால் திரும்ப எப்போது போடணும்? கடன் பத்திரம் என்றால் கடன் கொடுப்பது நானா, வாங்குவது நானா? இப்படிப் போயிற்று பட்டியல்.

அந்தப் பெண் பொறுமைசாலி. பதினொன்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு பதிலும் "அது உங்களைப் பொறுத்தது சார்" என்றுதான் ஆரம்பித்தது. தன்னைப் பொறுத்தது தனக்குத் தெரிந்திருந்தால் லீவு போட்டுவிட்டு எதற்கு இங்கே வருகிறோம் என்று அவருக்குள் பொருமல். கேள்வி கேட்க வந்த மனுஷனிடம் அவள் வேறு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தாள். உங்கள் பணம் ஒரே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன செய்வீர்கள்: விற்பீர்களா, காத்திருப்பீர்களா, இன்னும் வாங்குவீர்களா? மயங்கி விழுவேன் என்பதற்குக் கட்டம் இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் எப்போதும் சொல்வது ஒன்றுதான், கதவை இழுக்காமல் உள்ளேயே இருங்கள் என்று. அந்த ஞாபகத்தில் காத்திருப்பேன் என்பதில் டிக் அடித்தார். அவள் ரொம்ப நல்லது என்றாள். எது நல்லது, ஏன் நல்லது என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் இரண்டு கேள்வியை அவளே வாயால் கேட்டாள். உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா என்றாள். மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பையன் வேலைக்குப் போய்விட்டான், யாரும் இல்லை என்றார். பணம் எத்தனை வயது வரைக்கும் வரணும் என்றாள். அவருடைய அப்பா எழுபத்து நாலு வயதில் போனார். ஒரு வருஷம் தாராளமாகவே கூட்டி, எழுபத்தைந்து என்றார். அவள் கணினியில் தட்டினாள். பாதி பங்கிலும் பாதி கடன் பத்திரத்திலும் வைத்தால் இப்போது வாங்கும் சம்பளத்தில் முக்கால் பங்கு மாதாமாதம் எடுக்கலாம் என்று திரையில் வந்தது.

முக்கால் சம்பளம், படியேறாமல்! பாதிக்குப் பாதி ஏன் என்று இன்னமும் விளங்கவில்லைதான். விளங்காவிட்டால் போகிறது என்று வீட்டுக்கு வந்தார்.

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. அன்றன்றைக்குக் கூலி, பிடித்தமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் முக்கால் சம்பளம் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டாள். எழுபத்தைந்து வரைக்கும் என்றார்.

அவள் மடித்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு என்ன வயசுங்க?"

இருவருக்கும் பன்னிரண்டு வருஷ வித்தியாசம். "அறுபத்திமூணு" என்றார், கணக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில்.

"அதுக்கு அடுத்த மாசம் நான் என்ன பண்ணணும்?"

அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை என்று மெக்கானிக் சமாளிக்கப் பார்த்தார். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், இரண்டு நிமிஷத்தில் தானே உளறிவிட்டார்: "கேட்டா. நம்பி யாராவது இருக்காங்களான்னு கேட்டா. நான்தான் இல்லைன்னுட்டேன்."

வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. நம்பி இருக்கிறவர்கள் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய பிள்ளைகள், படுத்த படுக்கையாக இருக்கிற அப்பா, இப்படித்தான் அவர் மனசில் இருந்தது. இவளைப் போய் யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? அவர் கையை எதிர்பார்த்து இவள் எதற்கும் நின்றதில்லையே. அவள் சண்டை போடவில்லை. மிச்சத் துணியை மடித்து முடித்துவிட்டு, நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை இருவரும் அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நேற்று ஒரு தப்பு நடந்துபோச்சு என்று மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஆலோசகர் அவர் மனைவியைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை வயது வரைக்கும் போடட்டும் என்று கேட்டாள். மனைவி யோசிக்கவேயில்லை, தொண்ணூறு என்றாள். எங்கம்மா எண்பத்தி எட்டில் இன்னும் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள் என்று காரணமும் சொன்னாள். அவள் வயதையும் சேர்த்துத் தட்டியதும் முக்கால் சம்பளம் அரைச் சம்பளமாக இறங்கியது. மெக்கானிக் அந்த எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். இருந்தாலும் நியாயம் என்று தலையாட்டினார். நாளைக்குப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

மனைவி எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் அவர் வயதுக்கு நேரே இருந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இந்த எழுபத்தஞ்சை யாரும்மா முடிவு பண்ணினது?"

சார் சொன்னதுதான் என்றாள் ஆலோசகர்.

"அவரு சொல்லுவாரு. அதையும் தொண்ணூறா மாத்து."

ஆலோசகருக்குச் சங்கடமாகிவிட்டது. மாற்றலாம், ஆனால் எழுபத்தைந்துக்கு மேல் ஒருவர் செலவுக்குப் பதிலாக இருவர் செலவு வரும், மாதத் தொகை இன்னும் குறைந்துவிடும் என்று மெதுவாக விளக்கினாள். பாதிச் சம்பளமும் தேறாது, ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும்.

"குறைஞ்சா குறையட்டும்" என்றாள் மனைவி. "ஆள் இருந்தாப் போதும்."

ஆலோசகர் மெக்கானிக்கைப் பார்த்தாள். ஐந்தில் இரண்டு பங்கில் குடும்பம் ஓடாது. வாடகை, மருந்து, அரிசி போக மாதத்தில் பத்து நாள் கையைப் பிசைய வேண்டும். இன்னும் இரண்டு வருஷமாவது எங்கேயோ படியேறித்தான் ஆக வேண்டும். பங்கு, கடன் பத்திரம் எதுவுமே இதுவரை விளங்காத மனுஷனுக்கு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு கணக்கு சந்தேகமே இல்லாமல் புரிந்தது.

"போடும்மா" என்றார்.