கடைசி ஈடு

திண்டிவனத்தில் வேர்க்கடலை போட்டுச் செய்யும் எங்கள் மல்லாட்டைப் பகோடா கம்பெனியை இன்றோடு மூடுவதாக முதலாளி போர்டு மாட்டியதும் வாசலில் ஜனம் திரண்டுவிட்டது. சிலர் அழவே செய்தார்கள். பகோடா போடுகிற எனக்கோ மத்தியானத்துக்குள் விக்கிரவாண்டி போயாக வேண்டும். அங்கே டோல்கேட் ஓட்டல்காரர் தேவராசன் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

கை கழுவிவிட்டுக் கேட்டைத் திறந்தேன். ஓர் அம்மாள் குறுக்கே நின்றார்.

“எங்கய்யா நைசா நழுவுற? ஊட்ல பசங்க காத்துக்கினு இருக்காங்க. இன்னொரு ஈடு போட்டுட்டுப் போ.”

“பஸ் போயிடும்மா. வேற வேலைக்குப் போவணும்.”

“எங்கள வுட்டுட்டு இன்னாய்யா வேற வேலை?”

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் வழி விடவில்லை. சட்டி நிறைய ஓர் ஈடு போட்டெடுத்தேன். அது தீர்ந்ததும் இன்னொன்று கேட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது.

மறுபடி கேட்டுக்கு வந்தபோது, நெரிசலில் தேவராசனே துணிப்பையோடு நின்றிருந்தார்.

“அண்ணே, இவங்க வுடலண்ணே!”

“மத்தியானம் வரைக்கும் பாத்தேன்பா. நீ வரல, வேற ஆளப் போட்டுட்டேன்,” என்றவர் பையை நீட்டினார். “அத வுடு. எனக்கு ரெண்டு கிலோ கெடைக்குமா?”

நான் திரும்பிப் போய் அடுப்பை மூட்டினேன். வெளியே கை தட்டினார்கள்.