சீட்டுப் பெட்டியின் சாவி

ஊராரின் கழிவுக் குழாய்களுக்குள் முப்பது வருடமாக முழங்கை வரை கையை விட்டுப் பிழைப்பவருக்கு அருவருப்பு லேசில் வந்துவிடாது. குழாய்க்காரர் பார்க்காத அழுக்கு இல்லை. முடிக்கற்றை, எண்ணெய்ப் பிசுக்கு, எந்த வீட்டுக் குழந்தையோ உள்ளே தள்ளிவிட்ட பொம்மைத் தலை, எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அந்த வருடத்து நாடகப் பருவத்தில், ஒரு மரப்பெட்டியைத் திறந்து பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் இருந்தது வெறும் காகிதம்தான்.

ஊர் அரங்கம் சின்னது. முன்பு தானியக் கிடங்காக இருந்த கட்டடம். எண்பது நாற்காலி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, நீல நிறத்தில் ஒரு திரை. சனிக்கிழமை சாயங்காலங்களில் திரையை இழுப்பது குழாய்க்காரரின் பொறுப்பு. கூலி கிடையாது, ஆசைதான். அரங்கத்தின் சாவிக்கொத்தும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் மனைவி பல வருடம் அங்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு நிதானப்பட்டது, கைக்குட்டை இல்லாமல் வெளியே போக முடியாது என்றாயிற்று. ஆனாலும் சனிக்கிழமையை விடமாட்டாள். முன்வரிசையில் இடது ஓர நாற்காலி அவளுடையது. அங்கே உட்கார்ந்தால் பக்கத் தட்டிக்குப் பின்னால் கயிறும் கையுமாக நிற்கிற புருஷனைப் பார்க்கலாம்.

போன பருவத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. அதனால் இந்தப் பருவத்து ஆறு சனிக்கிழமைக்கும் செயலாளர் ஒரு புது யோசனை கண்டுபிடித்தார். நாடகமோ மந்திர வித்தையோ பாட்டுக் கச்சேரியோ, எதுவானாலும் அதற்கு முன்னால் பத்து நிமிடம் ‘நம்மூர் முகங்கள்’. அதற்கென்று வெளியூரிலிருந்து ஒரு நகைச்சுவைக்காரனைப் பிடித்து வந்தார். ஆளை அப்படியே உரித்து வைப்பான் என்பதால் கார்பன் என்று பெயர் விழுந்தது. வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் முகம் எப்படித் தெரியும்? அதற்குத்தான் பெட்டி. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், மேலே துளை போட்டு, பூட்டுப் போட்டு மாட்டினார்கள்; ஒரு சாவி செயலாளரிடம், இன்னொன்று குழாய்க்காரரின் கொத்தில். யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், எழுதுகிறவர் பெயர் வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் செயலாளர் பெட்டியைத் திறப்பார். கார்பன் சீட்டுகளைப் படித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆள் தெருவில் போகும்போது ஜன்னல் வழியாக நோட்டம் பார்த்துக்கொள்வான்.

முதல் வாரம் தபால்காரர். கடிதத்தை நீட்டுவதற்கு முன் தும்முகிற பழக்கம் அவருக்கு. கார்பன் தும்மிய தும்மலில் அரங்கம் குலுங்கியது. தபால்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குழாய்க்காரரும் சிரித்தார், இல்லையென்று சொல்ல முடியாது. சிரித்த சிரிப்பில் கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. இரண்டாம் வாரம் ரொட்டிக்கடைத் தம்பதி. சண்டை போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் வழியாகவே பேசிக்கொள்கிற இருவர். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ரொட்டிக்கடை திறக்கவில்லை.

அன்று கூட்டம் கலையும்போது மருந்துக்கடைக்காரர் குழாய்க்காரரின் மனைவியிடம் குனிந்து, "அடுத்து யாரோ தெரியலையே. முன்வரிசையில உக்காந்தா கண்ணுல படத்தானே செய்யும்?" என்று பல்லைக் காட்டினார். அவளும் கோணிய வாயால் சிரித்துவைத்தாள். குழாய்க்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அரங்கத்துக் கழிவறைக் குழாயைப் பார்க்கிற சாக்கில் போய்ப் பெட்டியைத் திறந்தார். பதினாலு சீட்டு. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். யார் வீட்டில் யார் குளிப்பதில்லை, யாருக்கு யாரோடு தொடுப்பு, யாருடைய தலைமுடி சொந்த முடியில்லை, யார் பிள்ளை இன்னும் படுக்கையை நனைக்கிறது. எதிரே பார்த்தால் "சௌக்கியமா" என்று கேட்கிறவர்களின் கைகள் எழுதியவை. மூன்று சீட்டு அவர் மனைவியைப் பற்றி. அதில் ஒன்று இப்படி இருந்தது: ‘முன்வரிசை அம்மாவின் வாயும் கைக்குட்டையும். கணவர் துடைத்துவிடும்போது அவர் முகம் போகும் போக்கையும் சேர்த்துச் செய்யவும்.’

செய்யவும். என்ன மரியாதை பாருங்கள். அந்த எழுத்து அவருக்கு அத்துபடி. வீட்டு அலமாரியில் மாத்திரை உறை ஒவ்வொன்றின் மேலும் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று சாய்த்து எழுதியிருப்பதும் அதே கைதான். இன்னொன்று பக்கத்து வீட்டம்மாவுடையது. வாரம் தவறாமல் பூங்கொத்து கொண்டுவந்து மனைவியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகிறவள். தலைமாட்டில் உட்கார்ந்து எதைப் பார்த்தாள் என்பது சீட்டில் விலாவாரியாக இருந்தது. குழாய்க்காரருக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த மாதிரி. எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். இரண்டு முறை சோப்புப் போட்டார்.

மனைவியைப் பற்றிய மூன்றையும் மடித்து வேலைப்பையில் வைத்துக்கொண்டார். மிச்சத்தில் தையலக்காவைப் பற்றி ஒன்று இருந்தது. அந்த நீலத் திரையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். பேசும்போது பல் செட் தாளம் போடும் என்றும், ஒரு தரம் தும்மியபோது அது துணிக்குவியலுக்குள் விழுந்து மண்டியிட்டுத் தேடினாள் என்றும் எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார், மடித்தார், பெட்டிக்குள் திரும்பப் போட்டார். சீட்டு ரொம்பக் குறைந்தால் செயலாளருக்குச் சந்தேகம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை அது இல்லை. கார்பனுக்குத் தையலக்கா கிடைத்துவிட்டால் இந்த வாரம் வேறு ஆளைத் தேடமாட்டான். அவ்வளவுதான் கணக்கு.

கணக்குத் தப்பவில்லை. மூன்றாம் வாரம் கார்பன் வாய்க்குள் இரண்டு கரண்டியைக் கவ்விக்கொண்டு வந்தான். எச்சில் தெறிக்க மேடையில் மண்டியிட்டுத் தேடினான். மூன்றாம் வரிசையில் தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் அதையும் வேடிக்கை பார்ப்பார்களே. அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. அதே வாரம் திரையின் அடி மடிப்பு ஓர் ஆணியில் மாட்டி இரண்டு முழத்துக்குக் கிழிந்தது. தைக்க ஆளில்லாமல் அது தரையில் இழுபட்டுக்கொண்டே கிடந்தது.

அந்தத் திங்கட்கிழமை முதல் தினமும் குழாய்க்காரர் பெட்டியைத் திறந்தார். மனைவியைப் பற்றியவற்றை உருவிக்கொண்டு மற்றவர்களை உள்ளே விட்டார். பிறகு தெருவில் நடக்கவே பிடிக்காமல் போயிற்று. அடைப்பு எடுக்கக் கூப்பிட்ட வீடுகளில் பாத்திரத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே நிற்கிற வீட்டுக்காரியின் குரலைக் கேட்டால், குழாய்க்குள் இருப்பதே சுத்தம் என்று தோன்றியது. "தண்ணி நல்லாப் போகுதா பாருங்கண்ணே" என்பார்கள். அவர் குழாயைத் திருகிக்கொண்டே இருப்பார். எல்லோரையும் வெறுத்தார். தன்னை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஆறாவது சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மேசைமேல் பதினோரு சீட்டு. ஒவ்வொன்றையும் நீவி நேராக்கி, டிக்கெட் அடுக்குவதுபோல் வரிசையாக வைத்திருந்தாள் மனைவி. கைத்தடியின் பிடி கழன்றதால், ஒட்டுவதற்கு டேப் தேடி அவருடைய வேலைப்பையைத் திறந்திருக்கிறாள்.

"உனக்குத் தெரிய வேணாம்னுதான்…" என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க." அவள் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசுவாள். அவசரப்படுத்தினால் சொல் உள்ளேயே நின்றுவிடும். "எல்லாரோடதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"தையலக்காவோடது?"

அவர் கூரையைப் பார்த்தார். "அதுவும்."

"படிச்சுட்டு?"

"மடிச்சு உள்ளயே போட்டுட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளிடம் பாதி சொல்லி மீதியை விழுங்கிப் பழக்கமில்லை. "அவங்களைப் பிடிச்சுக்கிட்டான்னா உன் பக்கம் வரமாட்டான்ல."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதி சுளித்தது. சீட்டுகளைப் படித்தபோதுகூட அப்படிச் சுளித்திருக்கமாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நான் படுத்துக் கிடந்தப்ப, நாலு மாசம், எனக்கு முன்பக்கம் பொத்தான் வச்ச சட்டை தச்சுக் குடுத்தது யாரு?"

அவர் கைத்தடியை எடுத்து, கழன்ற பிடியைப் பொருத்த ஆரம்பித்தார்.

"இதை எல்லாம் கொண்டுபோய்ப் பெட்டில போடுங்க."

"என்ன பேசுற நீ. அவன் உன்னை வச்சு…"

"போடுங்க. சனிக்கிழமை நான் போய் உக்காருவேன். நடுவுல திரையை இழுக்கக் கூடாது. அவங்களுக்கு இழுக்கல. எனக்கும் இழுக்காதீங்க." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்துச் சொன்னாள். "அவங்களை நான் கூட்டிட்டு வரேன். வந்தா, நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

பதினோரு சீட்டையும் அவர் கையாலேயே துளைக்குள் போட்டார். ஒவ்வொன்றும் உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை மத்தியானம் செயலாளர் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார். "கடைசி வாரத்துல அள்ளிக் குடுத்திருக்காங்கண்ணே" என்றவர், படித்ததும் ஒரு கணம் இவரைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? சும்மா ஜாலிக்குத்தானே."

"எழுதினதைச் செய்யுங்க" என்றார் குழாய்க்காரர்.

அன்று நாற்காலி போதாமல் சுவரோரமும் நின்றார்கள். ஈரக் கோட்டும் வியர்வையும் வாசனைத் தைலமுமாக ஒரே நெடி. முன்வரிசையில் மனைவியும், அவளுக்குப் பக்கத்தில் தையலக்காவும். குழாய்க்காரர் கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்தார். கார்பன் ஒரு கைத்தடியோடு வந்தான். வாயைக் கோணிக்கொண்டு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எச்சிலை நூலாக வழியவிட்டான். முதலில் ஒரு நிமிடம் சத்தமில்லை. குழாய்க்காரருக்கு நம்பிக்கை வந்தது, மனிதர்கள் இன்னும் மிச்சமிருக்கிறார்கள் என்று. பிறகு மருந்துக்கடைக்காரர் மூக்கு வழியாக ஒரு சிரிப்பை விட்டார். அதற்காகவே காத்திருந்ததுபோல் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கார்பன் புருஷனையும் விட்டுவைக்கவில்லை. கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துடைத்தான். குழாய்க்காரர் விக்கித்துப் போனார். தான் அப்படித்தான் துடைக்கிறோம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

கயிற்றை ஓர் இழு இழுத்தால் போதும், திரை மூடிவிடும். மனைவி மேடையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவசரமில்லாமல் கைக்குட்டையை எடுத்துத் தானே வாயைத் துடைத்துக்கொண்டாள். தையலக்கா வாயைப் பொத்தியிருந்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை. சிரித்தாலும் கேட்க அவருக்கு வாயில்லை. பத்து நிமிடமும் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்து கூட்டம் போன பிறகு தையலக்கா மேடைக்கு வந்தாள். மனைவி சொல்லியிருந்தாள் போலிருக்கிறது, ஊசியும் நீல நூலும் கையோடு கொண்டுவந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து கிழிசலை மடித்துப் பிடித்து, மளமளவென்று தைக்கத் தொடங்கினாள். கீழே, முன்வரிசை நாற்காலியில், மனைவி காத்திருந்தாள்.

"அக்கா" என்றார் குழாய்க்காரர். "உங்களைப் பத்தின சீட்டை நான் முன்னாலயே பாத்தேன். எடுத்திருக்கலாம். இவளோடதை மட்டும் எடுத்துட்டு, உங்களோடதை நானே உள்ள போட்டேன்."

ஊசி நின்றது. தையலக்கா நிமிரவில்லை. கையில் பிடித்திருந்த துணியை, அவர் அடைப்பிலிருந்து எடுத்துப் போடுவாரே அழுக்கு, அதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நாந்தான் தச்சேன் இந்தத் திரைய" என்றாள். பல் ஒரு தாளம் போட்டது. இந்த முறை அவள் வாயைப் பொத்தவில்லை.

நூலை அறுக்காமல், ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். கீழே இறங்கிப் போய்க் குழாய்க்காரரின் மனைவிக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். கைத்தடிச் சத்தம் நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாகப் போய், வாசலில் நின்று, வெளியே இறங்கியது. இருவரில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

குழாய்க்காரர் போய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு முழம் தைத்திருந்தது, மீதி தரையில் கிடந்தது.