பின் சீட்டு வரிசை

அப்பாவின் உலர்ந்த உதடுகளை ஐலா ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. ஆனால் ரெய்னோ டெர்வோவின் காது அந்த நிலையிலும் கூர்மையாகத்தான் இருந்தது. கண்ணைத் திறக்காமலே, “கோச்சா?” என்றார்.

“ஆமாப்பா. இன்னிக்கி யார் யார் ஆடறாங்கன்னு பட்டியல்.”

“படி.”

படித்தாள். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது, வரிசைக்கு மூன்று பேர். எல்லாம் எதிர்பார்த்த பெயர்கள். பைன்ரிட்ஜ் கல்லூரியின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் சேர்ந்த மூன்று வருடங்களாக, இந்தப் பட்டியல் வந்தால் அவள் நேராகக் கடைசிக்குத்தான் போவாள். ‘ஆடாதவர்கள்’ என்பதற்குக் கீழே அவள் பெயர் இருக்கும். இன்று அங்கே இல்லை.

“நாலாவது வரிசை...” குரல் நின்றது. “பிரின், ஜோஸ்லின், நான்.”

அப்பாவின் நெஞ்சு இரண்டு முறை குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

“பின் சீட்டுக் கழுதைங்க மூணும்,” என்றார்.

பத்தொன்பது வருடம் அந்த அணியின் பஸ்ஸை ஓட்டியவர் அவர். யார் அழுகிறாள், யார் யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள் என்பதெல்லாம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கடைசி சீட்டில் ஒரே போர்வைக்குள் மூன்று தலைகள் தெரியும். ஒருத்தி தொடங்கிய பேச்சை இன்னொருத்தி முடிப்பாள்.

வியாழக்கிழமை கோச் ட்ரூயன் வந்து அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஐலாவுக்கு நினைவு வந்தது.

“அப்பா, கோச்சுகிட்ட எனக்கு சிபாரிசு பண்ணீங்களா?”

“சீ. நாலாவது வரிசையில ஆடற ஹாலிஸுக்குக் கால்ல அடி, யாரை யாரோட போடறதுன்னு கோச் கேட்டா. ரோட்டப் பாத்து ஓட்டறவன் நான், எனக்கென்ன தெரியும்னேன்.” மூச்சு வாங்கியது. “பிரினையும் ஜோஸ்லினையும் சேத்துப் போடு, மூணாவது யாருன்னு உனக்கே தெரியும்னேன். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பதினொரு மணி சுமாருக்கு அம்மா ஜேனட் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வரவில்லை. தெருவில் பனி வாரும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது முனை திரும்பும்வரை இருவரும் அசையாமல் நின்றார்கள், அந்த இரைச்சலில் தங்களுக்குத்தான் கேட்கவில்லையோ என்று. வண்டி போய்விட்டது. வீடு முழுக்க நிசப்தம்.

அம்மா உறையைப் பாதியில் விடாமல் முழுதாக மாட்டி, அவர் தலையை மெல்லத் தூக்கி, தலையணையைச் சரியாக வைத்தாள்.

முக்கால் மணி நேரத்தில் வெர்னா அத்தை வந்தாள். தம்பியின் நெற்றியில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். வெளியே வந்ததும் வாசலோரம் கிடந்த பெரிய பையைப் பார்த்தாள்.

“இது எங்க போகுது?”

“ரெண்டு மணிக்கு இறுதி ஆட்டம் அத்தை...”

“உங்கப்பன் உடம்புல இன்னும் சூடு ஆறல. நீ பந்து விளையாடப் போறியா?”

“பந்து இல்ல அத்தை, பக். ரப்பர் வட்டு.”

“அறுபத்தி நாலு வயசுல எனக்குப் பாடம் நடத்தாத!”

ஐலா திரும்பி உள்ளே போனாள். கம்பளிக்கு மேலாக அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். போக வேண்டுமா, வேண்டாமா என்பது அவளுக்கே தெரியவில்லை. அடுக்களையில் அம்மாவின் குரல் கேட்டது.

“வெர்னா, என் கார் பனியில பொதஞ்சு கெடக்கு. உங்க டிரக்குல அவளக் கொண்டுபோய் விட்டுருங்க.”

“ஊர் என்ன பேசும் ஜேனட்?”

“ஊரே அரங்கத்துலதான் இருக்கும். பேசறதுக்கு வெளிய யாரு இருக்கா?”

“அம்மா, உன்னத் தனியா விட்டுட்டு எப்படி...” என்று ஐலா வந்து நின்றாள்.

“தனியா எங்க? அவர் இருக்காரு. ரேடியோ இருக்கு.” அம்மா அதற்குள் இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போன் போட்டிருந்தாள். “அஞ்சு மணிக்கு வந்தாப் போதும். ஆட்டம் முடியட்டும்.” மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். போனை வைத்தபோது அம்மாவின் உதடு கோணியது, சிரிப்போ அழுகையோ. “அவங்களும் கேட்டு முடிச்சிட்டுதான் வர்றாங்களாம்.”

 அத்தை டிரக்கை அரங்கத்தின் முன்னால் நிறுத்தி, “நான் உள்ள வரமாட்டேன்,” என்றாள்.

கோச்சிடம் மட்டும் ஐலா சொன்னாள். கோச் ட்ரூயன் அவள் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

“நீ ஆடித்தான் ஆகணும்னு இல்ல ஐலா.”

“வரிசையில என் பேரு இருக்குல்ல கோச்?”

“இருக்கு.”

“ஆட்டம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க.”

உடை மாற்றும் அறையில் ஜோஸ்லின் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு பிரினைப் பார்த்தாள்.  இருவரும் அவளை ஆளுக்கொரு பக்கம் நெருக்கி உட்கார்ந்து சறுக்குக் காலணிக் கயிறுகளை இழுத்துக் கட்டினார்கள்.

எதிரணி செயின்ட் ஒடில். அந்தப் பருவத்தில் அவர்களை யாரும் தோற்கடித்ததில்லை. முதல் பகுதி முடிவதற்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். பைன்ரிட்ஜின் முதல் வரிசையை மூச்சுவிடக்கூட அவர்கள் விடவில்லை. நாலாவது வரிசையின் வேலை, மற்றவர்கள் இளைப்பாற நாற்பது விநாடி பனித்தளத்தைக் காத்து நிற்பதுதான். ஆனால் அந்த நாற்பது விநாடியும் பக் எதிரணியின் மூலையிலேயே கிடப்பதை கோச் கவனித்துவிட்டார். இரண்டாவது பகுதியில் அவர்களை அடிக்கடி இறக்கினார். ஐலா மோதி விழுந்து எழுந்து தள்ளிவிட்ட பக்கை பிரின் தொடாமலே விட, பின்னால் வந்த ஜோஸ்லின் அடித்தாள். கோல்.

பெஞ்சுக்குத் திரும்பும்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெர்னா அத்தை தெரிந்தாள். கோட்டின் எல்லாப் பொத்தான்களும் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, தேவாலயத்தில் இருப்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது பகுதியில் முதல் வரிசை ஒருவழியாக விழித்துக்கொண்டது. இரண்டுக்கு இரண்டு. நான்கு நிமிடம் மிச்சம். எல்லோரும் முதல் வரிசையைத்தான் எதிர்பார்த்தார்கள்.

“நாலாவது!” என்று கத்தினார் கோச்.

வலைக்குப் பின்னால் இரண்டு பேர் ஐலாவைத் தளத்தின் ஓரப் பலகையோடு வைத்து நசுக்கினார்கள். பக் அவள் கால்களுக்கிடையே சிக்கியிருந்தது. முகம் பலகையில் அழுந்தியிருக்க, எதையும் பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டியிருக்கவும் இல்லை. பிரின் எங்கே நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும். குதிகாலால் பின்னுக்குத் தட்டினாள். தட்டிய கணமே மட்டை பக்கில் மோதும் ஓசை. அதை அடுத்து மூவாயிரம் பேரின் கூச்சல் கூரையில் மோதியது.

“பிரின் அடித்த கோல்! எடுத்துக் கொடுத்தது டெர்வோ!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. ரேடியோவிலும் இதே பெயர் இப்போது கேட்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். அந்த அறையில்.

கடைசி நிமிடத்தில் செயின்ட் ஒடில் தங்கள் கோல்கீப்பரையும் வெளியே எடுத்து, பதிலுக்கு இன்னொருத்தியை இறக்கி, ஆறு பேராக வந்து முட்டினார்கள். கோச் ஐலாவைப் பெஞ்சுக்குத் திரும்பக் கூப்பிடவே இல்லை. பாய்ந்து வந்த அடியின் குறுக்கே அவள் விழுந்தாள். பக் முழங்காலுக்குக் கீழே இடித்து, வலையை விட்டு விலகிச் சோம்பலாக உருண்டு நடுக்கோட்டைத் தாண்டியது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. கையுறைகளும் தலைக்கவசங்களும் மேலே பறந்தன. இருபது பேர் அவள் மேல் வந்து விழுந்தார்கள். அடியில் கிடந்தபடி அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கன்னத்துக்குக் கீழே பனி கரைந்தது.

அங்கேயே, அந்தக் குவியலுக்குள்ளேயே, பிரினின் காதில் சொன்னாள்.

“தெரியும்டி,” என்றாள் பிரின். “நீ உள்ள வந்தப்பவே தெரியும்.”

அப்பாவை எடுத்துப் போய் ஒரு மணி நேரம் கழித்து அணி முழுவதும் வீட்டுக்கு வந்தது. தலை ஈரம் காயவில்லை. கோப்பையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.  அம்மா கதவை அகலத் திறந்து, “அந்த மூணாவது கோல்,” என்றாள், “ரேடியோக்காரன் கத்தின கத்துல எனக்கு ஒண்ணும் புரியல. யாராச்சும் உள்ள வந்து ஒழுங்கா சொல்லுங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மேசை பனித்தளமாயிற்று. உப்புச் சீசாவை ஐலா என்றும், பிஸ்கட் டப்பாவை வலை என்றும் வைத்து ஜோஸ்லின் விளக்கினாள். அம்மா குறுக்கிட்டுக் கேள்வி கேட்டாள். இன்னொரு முறை காட்டச் சொன்னாள்.

ஐலா தண்ணீர் எடுக்க எழுந்தபோது வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட ஜோடிப் பூட்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, பனி உருகித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வெர்னா அத்தை தரையில் மண்டியிட்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, ஜோடி பார்த்து, நுனி சுவரைத் தொடும்படி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.