எந்தத் தெரு, எந்த நாள்

ஸ்லத்தீனாவின் முடிதிருத்தகத்தில் இரண்டே நாற்காலிகள். ஆனால் கோர்னோவெட்ஸ் ஊரின் ஐயாயிரம் பேரில் மூவாயிரத்து நானூறு பேர் அவள் கைப்பேசிக்குள் இருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன், கடை என்றைக்குத் திறந்திருக்கும், என்றைக்கு மூடியிருக்கும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதற்காக முகநூலில் ஒரு குழு ஆரம்பித்தாள். முதல் வாரமே யாரோ அதில் மின்வெட்டு நேரத்தைப் போட்டார்கள். அடுத்த வாரம் ஒருவர் காணாமல் போன நாயைத் தேடினார். நாய் கிடைத்தது. அதோடு ஊரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

பெருநகரமான ப்ளோவ்திவ் போகிற காரில் யாரிடம் ஒரு இடம் காலி, யார் வீட்டில் தக்காளி நாற்று மிச்சம், இறந்த யாருக்கு நாற்பதாம் நாள் பிரார்த்தனை, எந்த விறகு வண்டிக்காரன் ஈர விறகைத் தலையில் கட்டுகிறான் என்று எல்லாம் அங்கேதான். ஸ்லத்தீனா வைத்த விதிகள் மூன்று. கெட்ட வார்த்தை கூடாது. கட்சி அரசியல் கூடாது. விற்பனை விளம்பரம் வெள்ளிக்கிழமை மட்டும். மற்றபடி அவரவர் இஷ்டம். குழுவால் அவளுக்கும் பலன் இருந்தது. முன்பெல்லாம் மதியம் வெறும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது இரண்டு வாரம் முன்னதாகவே நேரம் கேட்டுச் செய்தி வந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை கின்கா ஒரு படம் போட்டாள். கின்கா ஊரின் மேட்டுப் பகுதியான மேல் மஹலாவில் குடியிருப்பவள், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். காகிதத்தில் சுற்றிய வெள்ளை சீஸ் துண்டு ஒன்று படத்தில் இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: “சனிக்கிழமையிலிருந்து என் பிள்ளைங்க ரெண்டும் வாந்தி. ஸ்தாமென் போடுற சீஸ் இது. ஜாக்கிரதை மக்களே.”

ஒருவரின் தலையில் சாயம் ஊறக் காத்திருந்த இடைவெளியில் ஸ்லத்தீனா அதைப் பார்த்தாள். அதற்குள் நாற்பது பதில்கள் வந்திருந்தன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நாலு பேர். அவன் செம்மறிப்பாலில் தண்ணீர் கலப்பது எனக்கு எப்போதோ தெரியும் என்று ஒருவர். வெளிநாட்டில், ஸ்டுட்கார்ட்டில், எட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிற ஒருவன், “அந்தாளு மூஞ்சியே சுத்தமில்லை” என்று அங்கிருந்தே எழுதியிருந்தான். ஸ்தாமெனின் சீஸை அவன் கடைசியாகத் தின்று எத்தனை வருடமோ.

ஸ்லத்தீனா அந்தப் பதிவை எடுக்கவில்லை. அதில் கெட்ட வார்த்தையும் இல்லை, கட்சியும் இல்லை. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஊர் ஒன்றைப் பேசும்போது ஓரமாக நின்று நாமும் ஒரு வார்த்தை போடலாம் என்று எல்லோருக்கும் வரும் ஆசை அவளுக்கும் வந்தது. கையுறையைக் கழற்றி எழுதினாள்: “நானும் அவர்கிட்டதான் வாங்குறேன். நல்லவேளை, இந்த வாரம் வாங்கலை.”

அவ்வளவுதான். ஆனால் அதை எழுதியது குழுவை நடத்துகிறவள். ஊர் அதை முத்திரையாக எடுத்துக்கொண்டது.

புதன்கிழமை காலை ஸ்தாமென், ஸ்லத்தீனாவின் கடைக்கு வந்தார். அறுபதை நெருங்கும் கனத்த மனிதர். ஆற்றோரம் ஒரு கொட்டகையில் மனைவியும் மருமகளுமாகச் சீஸ் போடுகிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“வாங்கண்ணே, உட்காருங்க.”

“முடி வெட்ட வரலை. மூணு கடையில சரக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நேத்து சந்தையில ஒருத்தன் நிக்கலை. தெரிஞ்சவன்கூட எதிர்ப்பக்கம் பார்த்துட்டுப் போறான், நான் ஏதோ விஷம் வைச்சவன் மாதிரி.”

“அண்ணே, நான் எழுதலையே. அவங்கவங்க எழுதுறாங்க. நான் வெறும் நோட்டீஸ் பலகைதானே.”

“பலகைக்கு வாய் இருக்குதே, ஸ்லத்தீனா. நீ போட்டதை மருமக படிச்சுக் காட்டினா.”

அவளுக்கு முகம் சூடேறியது.

“என் நம்பர் உன்கிட்ட இருக்கு. ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி வேணும்னா கூப்பிடத் தெரியுதுல்ல? ‘அண்ணே, இப்படிச் சொல்றாங்களே’ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?”

கேட்டுவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாற்காலியில் இருந்த பெண் கண்ணாடி வழியே ஸ்லத்தீனாவைப் பார்த்தாள். ஸ்லத்தீனா சீப்பைப் பார்த்தாள்.

அன்று மதியம் வெசெலா வந்தாள். ஊர் மருத்துவமனையில் செவிலி. ஒளிவு மறைவு தெரியாதவள்.

“கழுத்துக்கு மேல ஏத்தி வெட்டிடு. மூணு நாளா தலை சீவக்கூட நேரமில்லை. இருபத்திரண்டு பேருடி! எல்லாம் வயிறு.”

“எல்லாரும் ஸ்தாமென் சீஸா?”

“யாரு கண்டா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மின்கோ கிழவன்கூட வந்து அதையே சொல்றான். ‘நீ பால் தொட்டே பத்து வருஷம் ஆச்சே, உனக்கு ஒத்துக்காதே’ன்னேன். ‘இருக்கலாம், ஆனா ஃபேஸ்புக்ல போட்டிருக்கே’ங்குறான்.”

வெசெலா சிரித்தாள். ஸ்லத்தீனாவின் கத்தரி பாதி வெட்டில் நின்றது.

“அவர் எங்க குடியிருக்கார்?”

“மின்கோவா? மேல் மஹலா. பள்ளிக்கூடத்து மேடு.”

“கின்காவும் அங்கதான்.”

இருவரும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெசெலாவின் தலை ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமாக அப்படியே இருக்க, ஸ்லத்தீனா கைப்பேசியை எடுத்து எழுதினாள்: “போன வியாழக்கிழமைக்குப் பிறகு வயிறு சரியில்லாமல் போனவர்கள் மட்டும் பதில் போடுங்கள். எந்தத் தெரு, எந்த நாள். இரண்டே விஷயம். என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுத வேண்டாம். யார் பெயரையும் எழுத வேண்டாம்.”

முதல் பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு மளமளவென்று வந்தது. ஸ்லத்தீனா சுவரில் மாட்டியிருந்த தலைச்சாய விளம்பரத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, புருவம் தீட்டும் பென்சிலால் தெருக்களைக் கோடு போட்டாள். வெசெலா ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் புள்ளி வைத்தாள். லீபா தெரு, சனி. பள்ளிக்கூடத்து மேடு, சனி. கல்லுத் தெரு, ஞாயிறு. மாலைக்குள் அறுபத்தெட்டுப் புள்ளிகள். எல்லாம் மேட்டுப் பக்கம். ஆற்றோரத்துக் கீழ் மஹலாவில் ஒன்றுகூட இல்லை. ஸ்தாமெனின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கேதான்.

“கீழ இருக்கிறவங்களுக்குத் தண்ணி வேற. அவங்களுக்கு ஆத்தோரத்துக் கிணறு. மேல இருக்கிறவங்களுக்கு மலை ஊத்து” என்றாள் வெசெலா மெதுவாக. “வியாழக்கிழமை ஆலங்கட்டி மழை பெஞ்சுதுல்ல?”

குடிநீர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அம்மா, ஃபேஸ்புக்கைப் பார்த்து நாங்க வால்வு மூடுறதில்லை. எழுத்துல புகார் கொடுங்க. வெள்ளிக்கிழமை ஆள் வருவாங்க.”

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மேட்டில் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பக்கத்திலேயே மழலையர் பள்ளியும் இருந்தது.

ஸ்லத்தீனா எழுதத் தொடங்கினாள். அழித்தாள். மறுபடி தொடங்கினாள். ‘தண்ணீரில் நஞ்சு’ என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும், அரை மணியில் ஊர் பற்றிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பு இதே விரல்தான் ஒரு மனிதனைக் கேட்காமல் கொள்ளாமல் குப்புறத் தள்ளியது. இப்போது அவளிடம் இருப்பதும் ஒரு சந்தேகம்தான். கின்காவிடம் இருந்ததும் அதுதானே? பிள்ளை வாந்தி எடுக்கிறதைப் பார்த்த தாய் கைக்கு எட்டியதைக் காரணமாகப் பிடித்தாள். நான் பிடித்திருப்பது மட்டும் சரி என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்துவிட்டால், நாளைக் காலை பிள்ளைகள் பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்துக் குடிக்குமே?

“உனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதேன்” என்றாள் வெசெலா. “தெரியாததைத் தெரியாதுன்னு எழுது. கீழ என் பேரைப் போடு.”

அப்படியே எழுதினாள். “எனக்குத் தெரிந்தது: அறுபத்தெட்டுப் பேருக்கு உடம்பு சரியில்லை, எல்லோரும் மலை ஊற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். எனக்குத் தெரியாதது: தண்ணீர்தான் காரணமா என்பது. சோதனை நடக்கும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். தவறாக இருந்தால் கொஞ்சம் விறகுதான் வீண்.” கீழே இருவர் பெயர். புள்ளி வைத்த தாளின் படத்தையும் சேர்த்தாள். வீட்டு எண் எதுவும் அதில் இல்லை.

வனக்காவலர் தீமோ அதைப் படித்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைமேல் போனார். இருட்டுவதற்குள் அவர் அனுப்பிய படம் வந்தது. ஊற்றுத் தொட்டியின் மேல்மூடி மண்சரிவில் நகர்ந்து, ஒரு முழ அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. மேய்ச்சல் நிலத்திலிருந்து வழிந்த சேறும் சாணமும் உள்ளே இறங்கிய தடம் தெளிவாகத் தெரிந்தது. படம் குழுவில் ஏறிய ஒரு மணி நேரத்தில் குடிநீர் அலுவலகத்து வண்டி மலையேறியது. எழுத்துப் புகாரை யாரும் கேட்கவில்லை.

மேட்டுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த ஒன்பது நாட்கள் கீழ் மஹலாதான் ஊரைத் தாங்கியது. யார் வீட்டில் பெரிய கேன் இருக்கிறது, யாரிடம் வண்டி இருக்கிறது, மேட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார் என்று மூன்று பட்டியல் குழுவில் ஓடியது. ஆற்றோரக் கிணற்றிலிருந்து முதல் நாள் போன வண்டி ஸ்தாமெனுடையது. பால் கேன்களைக் கொதிநீரில் கழுவித் தண்ணீர் நிரப்பி அனுப்பியிருந்தார். கின்காவின் வாசலிலும் இரண்டு கேன் இறங்கியது. அவள் கதவைத் திறந்து யாருடையது என்று கேட்டாள். ஓட்டி வந்த மருமகள் சொன்னாள். கின்கா கேனை வாங்கி உள்ளே வைத்தாள்.

அன்று மாலையே கின்காவின் பதிவு மறைந்தது. அதோடு இருநூற்றுச் சொச்சம் பதில்களும் போயின, ஸ்லத்தீனா எழுதியதும் உட்பட. சுவருக்குச் சுண்ணாம்படித்ததுபோல அந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

சனிக்கிழமை ஸ்லத்தீனா ஆற்றோரக் கொட்டகைக்குப் போனாள். ஸ்தாமென் சீஸ் கட்டிகளை உப்புநீரில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சோதனை முடிவு வந்துடுச்சு, அண்ணே. தண்ணிதான்.”

“தெரியும்.”

“கின்கா அதை அழிச்சுட்டா.”

“அழிச்சா? சந்தையில மூஞ்சியத் திருப்பினானே, அவன் தலையிலிருந்து யார் அழிப்பா?” ஒரு கட்டியைத் தூக்கி, பார்த்து, மறுபடி வைத்தார். “அவ தாய். பயந்துட்டா. அவமேல எனக்குக் கோபமில்லை.”

யார்மேல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

“நான் எழுதப்போறேன், அண்ணே. நான் என்ன எழுதினேன்னு அதே வார்த்தையைப் போட்டு, தப்புன்னு எழுதுறேன்.”

“எத்தனை பேர் படிப்பாங்க?”

“முதல்ல படிச்சதுல பாதி.”

“மீதி?”

“மீதிப் பேருக்கும் முடி வளருமே. நாற்காலியில உட்கார்ந்ததும் நானே சொல்றேன்.”

ஸ்தாமென் சிரிக்கவில்லை. ஆனால் ஓரமாகக் கிடந்த முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

அன்றே எழுதினாள். கின்காவின் பழைய பதிவுக்கு நானூறுக்கு மேல் விருப்பம் விழுந்திருந்தது, இதற்கு அறுபத்தொன்று. ஸ்டுட்கார்ட் பேருந்துக்காரன் எதுவும் எழுதவில்லை. சொன்னபடி அவள் வாயாலும் சொன்னாள். கோடை முழுக்க, தலையைக் கொடுத்து உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும். இரண்டு கடைகள் சீஸை மறுபடி எடுத்தன. மூன்றாவது கடை எடுக்கவில்லை. கேட்டால், ஆட்கள் கேட்பதில்லை என்றார்கள்.

குழுவில் நான்காவதாக ஒரு விதி வந்தது: ஒருவர் பெயரைச் சொல்லிக் குறை எழுதினால், ஸ்லத்தீனா அந்த ஆளோடு பேசிய பிறகுதான் அது எல்லோர் கண்ணுக்கும் வரும். சிலர் கோபப்பட்டார்கள். “இவ என்ன நீதிபதியா?” என்று கேட்டு முந்நூறு பேர் பிரிந்துபோய் வேறு குழு ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயமில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் நீதிபதி இல்லைதான்.

அக்டோபரில் ஒரு பெண், டயர் ஒட்டுகிறவன் தன்னை ஏமாற்றிவிட்டதாகப் படத்தோடு அனுப்பினாள். ஸ்லத்தீனா அதை நிறுத்தி வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

“எந்த வண்டி? சிவப்பா?” என்றான். “அய்யோ, புதுசுக்குப் பதிலா பழைய டயரை மாட்டிட்டேன்போல. கொண்டுவரச் சொல்லுக்கா, இப்பவே பார்த்துடுறேன்.”

அவள் அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். மாலையில், சரியாகிவிட்டது என்று ஒற்றை வரி வந்தது. ஸ்லத்தீனா அந்தப் பதிவை நீக்கிவிட்டு, கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்து, அடுத்தவர் கழுத்தில் துணியைக் கட்டினாள்.