பெருநாளைக்கு முப்பது முட்டி

மூன்றாம் தடவையும் அச்சிமுகம்மது கைக்கண்ணாடியைத் தம்பியின் மூக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஆவி படியவில்லை. மருந்துக்கடைக்காரர் நாடி பிடித்து, முடிந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மருந்து விற்கிறவன் சொன்னான் என்பதற்காகத் தம்பி மௌத்து என்று நம்பிவிட முடியுமா? இப்போது கண்ணாடியும் அதையே சொன்னது. துணிக்கிழிசலை எடுத்து, காலிதீனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்.

விடிய, மாடு பார்க்கும் நல்லரெத்தினத்தோடு எருமை கறந்து, பாலைக் கொண்டுவந்து இறக்கிய மனிதன். காய்ச்சிய பாலைத் தயிருக்கான மண்முட்டிகளில் ஊற்றி முடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். நாளைக்கு நோன்புப் பெருநாள்.

முன்னறையில் அகப்பை தட்டும் சத்தம் கேட்டது. தலைமாட்டில் இருந்த தம்பி பெண்சாதி றாஹிலாவைக் காணவில்லை. புருஷன் கிடக்க இவளுக்கு அங்கே என்ன வேலை? கோபத்தோடு எழுந்து போனார்.

பரப்பிய மணலில் முப்பது முட்டிகளும் வரிசையாக இருந்தன. முதல் முட்டியில் விரலை விட்டபடி றாஹிலா குந்தியிருந்தாள். அவளுடைய சாச்சி ஆமினா உம்மா வெள்ளைப் புடவையோடு பின்னால் நின்றாள்.

“எழும்புகா. சனம் வந்திட்டு. வெள்ளையக் கட்டிட்டு உள்ளுக்குப் போய் இத்தாவில இரி. பாலாம் பால்!”

“கொஞ்ச நேரத்தில சூடு போயிரும் சாச்சி. பிறகு உறை விட்டா நூல் நூலாத்தான் வரும்.”

சூறாவளியில் காலிதீனின் எருமைப் பட்டி அழிந்து, ஊர் இரண்டு பெருநாளைக்கு வேறு ஆட்களின் தயிரைத் தின்றது. மிஞ்சிய எருமைகளைப் பெருக்கி, இந்த முறை காலிதீன் வீடு வீடாகப் போய்ப் பெருநாளைக்குத் தயிர் தருவதாகச் சொல் கொடுத்திருந்தான்.

துக்கத்துக்கு வந்த மாட்டு வியாபாரி சீனிமுகம்மது வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

“அந்தப் பாலத் தேத்தண்ணிக் கடைக்குக் குடுங்க காக்கா.”

“நோன்பு நாளையில எந்தக் கடைடா துறந்து கிடக்கு?”

“கோவிக்காதீங்க. எருமையள நான் எடுத்துக்கிறன். தயிர் காலிதீன்ட கையோட போயிட்டு.”

அச்சிமுகம்மதுவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதற்காக இவன் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பதா?

“தள்ளு புள்ள, நான் விடுறன்.” குனிந்து விரலைப் பாலில் விட்டார். “பதமாத்தான் இரிக்கி.”

“அது இன்னும் சுடுது பெரிய மச்சான். உங்கட விரல் மண்வெட்டிப் புடி மாதிரி, அதுக்குச் சூடு தெரியா. அவர்ர விரலும் அப்பிடித்தான். ஒரு நாளும் அவர் உறை விட்டதில்ல.”

“அவன்ட கை எண்டுதானே ஊரெல்லாம் கதைக்குது?”

“கதைக்கட்டும் எண்டு விட்டுட்டன். அவருக்கு அது சந்தோசம்.”

அவர் நம்பிவிடவில்லை. ஆனாலும் உறைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார். அவள் ஒரு முட்டியில் விரல் வைத்து உடனே உறை விட்டாள். இன்னொன்றை விட்டுப் போய், சுற்றித் திரும்பி வந்து விட்டாள். கண்ணீர் பாலில் விழாமல் இருக்க முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். முப்பதாவதையும் மூடி, கையைக் கழுவி, சாச்சியிடம் வெள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

பின்னேரம், அசருக்கு, மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு வந்தது.

“வழியில கிடக்கிற முட்டியளத் தூக்கி ஓரமா வைங்க” என்றார் பள்ளி லெப்பை.

“அசைக்கக் கூடா. பொழுதுபட மஃரிபு வரைக்கும் அது கிடக்கோணும்” என்று மறித்தார் அச்சிமுகம்மது.

“அப்ப மையத்த எதால எடுக்கிற?”

அச்சிமுகம்மது கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கிடுகு வேலியில் சந்தூக்கு போகிற அகலத்துக்குக் கட்டுகளை அறுத்துத் தள்ளினார்.

“வேலியால மையத்துப் போனத நான் கேள்விப்பட்டதே இல்ல” என்றான் சீனிமுகம்மது.

“இண்டைக்குக் கண்ணால பாரு. சும்மா நிக்காம இஞ்சால ஒரு தோளக் குடு.”

அந்த வழியால்தான் காலிதீன் மையவாடிக்குப் போனான்.

மறுநாள் தொழுகை முடிந்ததும் முதல் ஆளாகக் கூடையோடு வந்தவன் சீனிமுகம்மதுதான்.

“உறைஞ்சிதா காக்கா? மௌத்து ஊட்டுப் பால்...”

அச்சிமுகம்மது அதுவரை ஒரு முட்டியையும் சரித்துப் பார்த்திருக்கவில்லை. வரிசையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து, மூடியைக் கழற்றி, தன் புதுச் சாரத்துக்கு மேலே நேராகக் கவிழ்த்துப் பிடித்தார்.

ஒரு சொட்டும் விழவில்லை.

சீனிமுகம்மது குனிந்து முட்டிக்குள் அண்ணாந்து பார்த்தான். “காலிதீன்ட கையேதான் காக்கா.”

“ஓம்” என்றார்.

“அந்த எருமையள்ற கதை...”

“அத என்னட்டக் கேக்காத. பட்டிக்காரி உள்ளுக்கு இரிக்கா.”

திரைக்குப் பின்னாலிருந்து றாஹிலாவின் குரல் வந்தது. “பெரிய மச்சான், வெறும் முட்டியக் கழுவி நாளைக்கே அனுப்பச் சொல்லுங்க. நல்லரெத்தினம் விடியப் பால் கொண்டு வருவான்.”

சீனிமுகம்மது தன் பங்கு முட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகும் அச்சிமுகம்மது முட்டியை நிமிர்த்தாமல் அப்படியே நின்றார்.