பரிசு மாட்டுக்குத் தனிக்கொட்டகை

ஹொக்காய்டோ கால்நடைக் கண்காட்சியில் எங்கள் பசு ஹனேமி முதல் பரிசு வாங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக மாடு வளர்க்கிறேன், சிவப்பு ரிப்பன் கைக்கு வந்தது அன்றுதான். ஊர் திரும்பியதும் மாட்டை நேரே தொழுவத்தில் கட்டி, மற்ற அறுபது மாடுகளுக்கு நடுவே ரிப்பனையும் தொங்கவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜெயித்தவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

என் மனைவி மிட்சுயோ, கிருமி அண்டாமல் சுண்ணாம்புத்தூள் கொட்டிய தொழுவ வாசலில் குறுக்கே நின்றாள்.

“உள்ள விடமாட்டேன். டிராக்டர் கொட்டகையில இடம் பண்ணியிருக்கேன். மூணு வாரம் அங்கதான்.”

“என்னடி விளையாடறியா? ஜெயிச்சுட்டு வந்திருக்கா!”

“ஜெயிச்சவதான். நூறு பண்ணை மாட்டோட நாலு நாள் நின்னுட்டு வந்தவளும்தான். ரிப்பனும் வெளியவே இருக்கட்டும்.”

கொண்டாட சாக்கே மது பாட்டிலோடு வந்த பக்கத்துப் பண்ணை நாகுமோ சிரித்தான். அவனும் கண்காட்சிக்கு மாடு கொண்டுபோனவன்.

“அண்ணி, ராணிய டிராக்டர் பக்கத்துல கட்டறீங்களே! என் மாடு அப்பவே தொழுவத்துக்குப் போயாச்சு.”

அவனையும் அவள் வாசல் தாண்ட விடவில்லை. எனக்கு மானம் போயிற்று. மூன்று நாள் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அவள் அதைச் சட்டை செய்தால்தானே! தொழுவ வேலை மொத்தமும் முடித்த பிறகே ஹனேமியிடம் போவாள். அதற்கென்று தனி பூட்ஸ், தனி வாளி. திரும்பும்போது பூட்ஸின் அடியைத் தேய்த்துக் கழுவி, கிருமி மருந்துத் தொட்டியில் நிற்பாள். மழை கொட்டினாலும் ஒருநாள் தவறவில்லை.

ஆறாம் நாள் ஹனேமிக்கு ரத்தக் கழிச்சல். கண்காட்சியில் ஒட்டிய சால்மொனெல்லா கிருமி என்றார் மாட்டு டாக்டர். அதே வாரம் நாகுமோவின் தொழுவத்தில் பாதி மாடுகள் படுத்துவிட்டன, இரண்டு செத்தும் போயின. எங்கள் அறுபதில் ஒன்றுகூடத் தீனியை ஒதுக்கவில்லை.

‘அப்பவே சொன்னேனே’ என்பாள் என்று பயந்துகொண்டே வீட்டுக்குள் போனேன். அவளோ நாகுமோவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அழாதீங்க தம்பி. முதல்ல கன்னுக்குட்டிங்கள தனியா பிரிங்க.”

அடேயப்பா, இவளோடா நான் முறைத்துக்கொண்டேன்!

ஒன்றரை மாதம் கழித்து, நோய் அறவே இல்லை என்று சோதனையில் தெரிந்தபின் ஹனேமி தொழுவம் திரும்பியது. மறுநாள் காலை, மிட்சுயோவின் பூட்ஸ் மாட்டும் ஆணியில் ரிப்பனைத் தொங்கவிட்டேன். பார்த்தாள். கண் கலங்கியது, ஆனாலும் விடவில்லை.

“மருந்துல முக்கினீங்களா?”

“ரெண்டு தடவை,” என்றேன். ரிப்பன் சாயம் போய் வெளுத்திருந்தது.